வெடிப்பலா மரத்து வீட்டுக்காரி

மஸ்கட்டில் பறவை பார்ப்பவர்களுக்குக் கழுத்து வலி வராது. அங்கே பறவை தரையில் நிற்கும். ஊர்க் கழிவுநீரைச் சுத்தம் செய்து விடுகிற குளத்தின் கரையில் வெள்ளிக்கிழமை காலை காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினால் போதும். பூநாரைகள் வரிசையாக நின்று, கல்யாண வீட்டு போட்டோவுக்கு முகம் காட்டுவது போலத் திரும்பும். மரமும் இல்லை, இலையும் இல்லை, ஒளிந்துகொள்ள ஓர் இடமும் இல்லை. ஆஸ்பத்திரி லேபில் வாரம் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்திருக்கிற எனக்கு, தூரத்தில் இருப்பதைப் பார்க்கும் ஆசையை உண்டாக்கியது அந்தக் குளம்தான்.

பெருநாளுக்காகத் தென்காசி வந்திருந்தபோது, குற்றாலத்துக்கு மேலே மலையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, தன்னார்வலர்கள் வரலாம் என்று வாட்ஸப்பில் தகவல் வந்தது. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட நின்றால் எதிரே தெரிவது அந்த மலைதான். நாற்பத்து மூன்று வயதாகிறது, ஒரு தடவைகூட அதன் மேல் ஏறியதில்லை. குற்றாலம் என்றால் எங்களுக்கு அருவி. அருவிக்கு மேலே என்ன இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. பெயரைக் கொடுத்துவிட்டேன்.

உம்மா கேட்ட மாத்திரத்தில் இடுப்பில் கை வைத்தாள். "காட்டுக்குள்ள போயி தங்கணுமா? தனியாவா? ஒங்க மைனியக் கூட்டிட்டுப் போறதுன்னா போ."

ரஹ்மத் மைனி என் காக்காவின், அதாவது மூத்த அண்ணனின், மனைவி. காக்கா சவுதியில், தம்மாமில் இருக்கிறார். அவருடைய இரண்டு பிள்ளைகளையும் எங்கள் உம்மாவையும் வீட்டையும் சேர்த்து இருபது வருஷமாக நடத்திவருகிறவள் இவள்தான். மைனிக்குக் காக்காய்க்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரியும், அதற்குமேல் தெரியாது. அதில் பிரச்சினை இல்லை. கணக்கெடுப்பில் பேசக்கூடாது என்பதுதான் பிரச்சினை.

"பேசாம எப்படிட்டி நடக்கது?" என்றாள் மைனி.

"பறவை பறந்துடும் மைனி."

"நம்ம சத்தத்துக்குப் பயந்தா அது என்ன பறவை? நம்ம தெருவுல ஒரு நா இருக்குமா அது?"

ஆனாலும் கிளம்பிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வீட்டை விட்டு எங்கும் போய்த் தங்கியதில்லை என்பது பையில் துணி மடிக்கும்போது அவள் பாடிக்கொண்டே மடித்ததில் எனக்குத் தெரிந்தது.

குற்றாலத்தில் சீசன் இல்லாத மாதம். பேரருவி பாறையில் ஒட்டிய ஈரக் கோடாக இருந்தது. எண்ணெய் தேய்க்கிறவர்கள் இல்லை, சிப்ஸ் கடைகள் பாதி சாத்தியிருந்தன. குரங்குகள் மட்டும் வேலை இல்லாத கண்டக்டர்கள் மாதிரி சாலையோரம் உட்கார்ந்து வருகிற பஸ்ஸையெல்லாம் எட்டிப் பார்த்தன. ஒரு கடையில் புட்டும் பயறும் பப்படமும் சாப்பிட்டோம். மஸ்கட்டிலும் புட்டு கிடைக்கும், மலையாளிகள் கடையில். ஆனால் அங்கே அது அவசரமாக ஆபீஸ் போகிறவர்களின் புட்டு. இங்கே பப்படத்தைப் புட்டின் மேல் வைத்துக் கையால் அழுத்தி நொறுக்குகிற சத்தம் மேஜைக்கு மேஜை கேட்டது.

அந்தக் கடையில்தான் எங்கள் குழுவின் மற்ற இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் இசக்கிமுத்து அண்ணாச்சி, வனக்காவலர். நல்ல உயரம், காக்கிச் சட்டை, தோளில் ஒரு சாக்கு நிறைய மரச்சீனிக் கிழங்கு, மரவள்ளிதான். இன்னொருத்தி அனிலா. புனலூர்க்காரி, அங்கே கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவள், எங்கள் குழுவுக்குத் தலைவி. தமிழ் பேசுவாள். கோபம் வந்தாலோ சந்தோஷம் வந்தாலோ மலையாளத்துக்குப் போய்விடுவாள். மைனியைப் பார்த்ததும் "இத்தா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மலையாளத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மைனி உடனே அவளைத் தத்தெடுத்துவிட்டாள்.

ஜீப் ஆரியங்காவிலிருந்து வந்தது. வயதான ஜீப், வயதான டிரைவர். பாதை என்பது இரண்டு சக்கரத் தடமும் நடுவே புல்லும். பாதி மலை ஏறியதும் ஆக்ஸிலேட்டர் கேபிள் அறுந்தது. டிரைவர் இறங்கி, பானட்டைத் திறந்து, சற்று நேரம் எஞ்சினை முறைத்துவிட்டு, ஒரு கொச்சக்கயிற்றை உள்ளே எங்கேயோ கட்டி ஜன்னல் வழியாக இழுத்து முன் ஸீட்டில் இருந்த மைனியின் கையில் கொடுத்தார்.

"நான் சொல்லும்போ இழுக்கணும். சொல்லும்போ விடணும்."

அப்புறம் மலை ஏறியது மைனிதான். "இழுக்கு!" என்றால் இழுத்தாள், "விடு!" என்றால் விட்டாள். ஒரு வளைவில் அவர் கேட்டதற்கும் மேலே இழுத்துவிட, ஜீப் துள்ளி ஒரு தேக்கங்கன்றை உரசிக்கொண்டு நின்றது. இசக்கிமுத்து அண்ணாச்சி பின்னால் கிழங்கு மூட்டைக்கு மேல் கிடந்தார். டிரைவருக்கு அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன். அவர் மனைவியிடம் மலையாளத்தில் சொன்னதை அனிலா எனக்கு மெதுவாக மொழிபெயர்த்தாள்: "நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இன்றைக்கு வண்டி ஓட்டுவது வேறு ஒரு அம்மா."

நாங்கள் தங்கியது கிராம்பு உலர்த்துகிற ஒரு பழைய கொட்டகை. உள்ளே நுழைந்ததும் பல் ஆஸ்பத்திரி வாசனை. காட்டின் எல்லைக்குப் பக்கத்தில் இருந்த தனியார் எஸ்டேட் அது. முதலாளி தென்காசியில் இருக்கிறார். சாயங்காலம் அண்ணாச்சி கிழங்கை அவித்து, காந்தாரி மிளகாயை உப்பும் எண்ணெயும் விட்டு நசுக்கி வைத்தார். மைனி பெருநாளுக்குச் செய்த ஓட்டுமாவு டப்பாவைத் திறந்தாள். அரிசிமாவும் முட்டையும் தேங்காயும் சேர்த்துப் பொன்னிறமாக வறுத்த இனிப்பு. அண்ணாச்சி ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு பேச முயன்று, எல்லார் மேலும் மாவை ஊதினார்.

சாப்பிட்டுக்கொண்டே அனிலா தான் வந்த காரணத்தைச் சொன்னாள். கணக்கெடுப்பு ஒரு வேலை. கூடவே அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. எஸ்டேட்டின் மேல் விளிம்பில் ஒரு சரிவு, அதில் முள்ளு முள்ளாகக் காய்க்கிற ஒரு பெரிய வெடிப்பலா மரம். அதன் பொந்தில் இருவாச்சிப் பறவை கூடு வைக்கிறது. பெண் இருவாச்சி பொந்துக்குள் போய், எச்சத்தையும் மண்ணையும் குழைத்து வாசலை உள்ளிருந்தே அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, அது வளர்கிறவரை ஆண்தான் பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டவேண்டும்.

"போன வருஷமும் அதுக்கு முன்னத்த வருஷமும் கூடு தோத்துப் போச்சு" என்றாள். "குஞ்சு வரல. முதலாளி அந்தச் சரிவை வெட்டிச் சுத்தமாக்கி கிராம்பு வைக்கணும்னு நிக்கறார். நான் போய்க் கெஞ்சினேன். 'டீச்சரே, மூணாவது வருஷமும் காலி வீட்டுக்கு நான் காவல் இருக்க முடியாது. குஞ்சைக் கண்ணால பாத்துட்டு வந்து சொல்லுங்க, அந்தச் சரிவுல நான் கை வைக்க மாட்டேன்'னு சொன்னார்."

"நல்ல மனுசந்தான்" என்றாள் மைனி.

"நல்ல மனுஷன்தான் இத்தா. குஞ்சு இருக்கணுமே."

மறுநாள் விடிவதற்கு முன்னால் நடந்தோம். ஓமானில் நான் கண்ணால் கற்றதெல்லாம் இந்தக் காட்டில் செல்லாக் காசு. இங்கே பறவை என்பது ஒரு சத்தம். இருட்டு விலகும்போது முதலில் சீகாரப் பூங்குருவி ஆரம்பித்தது. வாயில் பாட்டு வராத ஒரு பையன் குளித்துக்கொண்டே விசிலடிப்பது மாதிரி, ஆரம்பித்து, மறந்து, மறுபடி ஆரம்பித்து. அப்புறம் காட்டுக்கோழி. அப்புறம் எங்கோ மேலே ஒரு கூட்டம் ஒன்றாகச் சிரித்தது. அனிலா நின்று விரலைத் தூக்கினாள்.

"சிரிப்பான்" என்றாள் காதருகே. "நாம நிக்கற இந்தத் தென்பக்க மலையிலதான் இந்த வகை உண்டு. செங்கோட்டைக் கணவாய்க்கு வடக்கே இருக்கறது வேற வகை. கணவாயை ரெண்டும் தாண்டறதே இல்ல."

புனலூர் ரயில் அரட்டை அடித்துக்கொண்டே கடக்கிற கணவாய். புளியங்குடி எலுமிச்சை லாரிகள் தினமும் கடக்கிற கணவாய். அந்தச் சின்னப் பறவைக்கு அது கடல். மலை உச்சியின் குளிரைவிட்டு அதனால் கீழே இறங்க முடியாது. நான் கடலைத் தாண்டி வேலைக்குப் போனவள், எனக்கு அந்தக் கூட்டத்தின் சிரிப்பை நின்று கேட்கவேண்டும் போல இருந்தது.

மைனி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நடந்தாள். வழியில் சட்டென்று என் கையைக் கிள்ளினாள். திரும்பினால், பத்தடியில் ஒரு கிளையில், நெஞ்சு முழுக்கச் செக்கச்சிவப்பாக ஒரு பறவை அசையாமல் உட்கார்ந்திருந்தது. தீக்காக்கை. படங்களில் பார்த்திருக்கிறேன், நேரில் அதுதான் முதல் தடவை. மைனியின் கண் பெரிதாகி, முந்தானைக்குள்ளிருந்து "யா அல்லாஹ்" என்று ஒரு காற்று வந்தது. பறவை பறக்கவில்லை. அனிலா அதைக் கணக்கில் சேர்த்துவிட்டு மைனியைப் பார்த்துக் கைகூப்பினாள்.

வெடிப்பலா மரத்துக்கு வந்தபோது வெயில் இலைகளுக்குள் இறங்கியிருந்தது. மரத்தின் அடியில் நாலுபேர் கைகோத்தாலும் சுற்றி வளைக்க முடியாது. அனிலா தழைகளுக்குப் பின்னால் ஒரு மறைவிடம் கட்டி வைத்திருந்தாள். அங்கிருந்து தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்திப் பார்த்தேன். உயரத்தில் ஒரு பொந்து, மண் பூச்சு, நடுவே கறுத்த கீறல்.

சத்தம்தான் முதலில் வந்தது. சிறுவயதில் நாங்கள் ஏறிய மீட்டர்கேஜ் ரயில் பகவதிபுரம் ஏற்றத்தில் மூச்சுவிடுவது போல, உஷ், உஷ், உஷ் என்று காற்றை வெட்டிக்கொண்டு ஒன்று வந்தது. மைனி குனிந்தேவிட்டாள். பெரிய மஞ்சள் அலகு, தலைக்கு மேல் இன்னொரு அலகைக் கவிழ்த்து வைத்தது போன்ற கொண்டை, கறுப்பு வெள்ளைச் சிறகு. ஆணுக்குக் கண் சிவப்பு, பெண்ணுக்கு வெள்ளை என்று அனிலா எங்கள் காதருகே சொன்னாள். கிளையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்து நாலு பக்கமும் பார்த்தது. தொண்டையிலிருந்து ஒரு அத்திப்பழத்தை அலகு நுனிக்குக் கொண்டுவந்து, கீறலுக்குள் நீட்டியது. உள்ளேயிருந்து ஓர் அலகு நுனி வந்து வாங்கிக்கொண்டது. மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று. ஒரு பழத்தையும் கீழே போடவில்லை.

"எத்தனை வச்சிருக்காரு தொண்டைக்குள்ள!" என்று கிசுகிசுத்தாள் மைனி. அனிலா தடுக்கவில்லை, அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் உள்ளே குஞ்சு இருக்கிறதா என்று தெரியவில்லை. வாங்கியது தாயின் அலகு மட்டும்தான்.

மத்தியானம் கொட்டகைக்குப் போய்ச் சோறு பொங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். அப்போதுதான் வேறொரு சத்தம். கதண்டுக் குளவிகள் கூட்டமாகப் பறப்பது போல. மரங்களுக்கு மேலே, வானத்தில், சிவப்பும் பச்சையுமாக விளக்கு மினுக்கிக்கொண்டு ஒரு டிரோன் நின்றது. பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு, திரும்பி, எங்கள் சரிவுக்கு மேலே வந்து, தாழ்ந்து, மறுபடி உயர்ந்தது.

உஷ், உஷ் என்று இருவாச்சி வந்தது. மரத்தை நெருங்கியது. டிரோன் முனகியது. இருவாச்சி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து பள்ளத்தாக்குக்குள் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தது, எதிர்ச்சரிவில் ஒரு மொட்டை மரத்தில் உட்கார்ந்து கரகரவென்று கத்தியது, போய்விட்டது. இருட்டுகிறவரை அது மரத்துக்கு வரவே இல்லை. பொந்தின் கீறலில் அலகு நுனி மட்டும் வெளியே வந்து, சற்று நேரம் நின்று, உள்ளே போனது.

அண்ணாச்சி விசாரித்துவிட்டு வந்தார். எஸ்டேட் பங்களாவில் ஒரு கல்யாணப் பார்ட்டி வந்து தங்கியிருக்கிறது, கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட், நாளைக்கும் உண்டு.

அன்று இரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் விடிந்ததும் மறைவிடத்துக்குப் போனோம். ஆண் ஒரு தடவை வந்தது. மரத்தில் கால் வைக்கும் முன்னே வானத்தில் அந்த முனகல். போய்விட்டது. அனிலாவின் கண்கள் கலங்கின. "போன வருஷமும் இப்படித்தானோ? நமக்குத் தெரியாமப் போச்சோ?" என்று மலையாளத்தில் தனக்குத்தானே கேட்டாள்.

"ரேஞ்சர் ஐயாவுக்குச் சொல்லணும்" என்றார் அண்ணாச்சி. "எஸ்டேட்டு அவங்க எடம். நானா போயி நிப்பாட்டுனா நாளைக்கு என்னைய நிப்பாட்டிருவாங்க. இங்கன டவரு இல்ல, கீழ எறங்கித்தான் பேசணும்."

"கீழ எறங்கி ஏறி வார வரைக்கும் உள்ள இருக்கவ என்ன திம்பா?" என்றாள் மைனி. எழுந்து பாவாடை மடிப்பில் ஏறியிருந்த அட்டைப்பூச்சியைப் பிய்த்து எறிந்தாள். "ஏட்டி மும்தாஜ், வா."

பங்களா புல்வெளியில் ஒரு நாடகமே நடந்துகொண்டிருந்தது. பட்டுவேட்டி மாப்பிள்ளை ஒரு பாறையில் ஒற்றைக் காலை வைத்து நின்றான். பொண்ணு அரக்குப் பட்டில், முழு நகையோடு, கீழே ஸ்போர்ட்ஸ் ஷூவோடு நின்றாள். ஒருவன் வெள்ளை அட்டையைப் பிடித்து அவள் முகத்தில் வெயிலைத் திருப்பினான். போட்டோகிராபர் கையில் டிரோனை ஓட்டும் கருவி. ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் மாப்பிள்ளையின் அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

மைனி நேரே அவரிடம் போனாள். "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

"புளியங்குடி. எலுமிச்சை கமிஷன் மண்டி." அவர் எங்கள் சேற்றுக்காலைப் பார்த்தார். "நீங்க யாரும்மா? எஸ்டேட்டு வேலையா?"

"தென்காசி. பறவ கணக்கெடுக்க வந்திருக்கோம். அண்ணாச்சி, ஒங்க வீட்டுல ஒரு பிள்ளத்தாச்சி உள்ள படுத்திருக்கா. அவ வீட்டுக்காரன் சோத்துச் சட்டியோட தெருவுல நிக்கான். வாசல மறிச்சு ஒருத்தன் மோட்டாரச் சுத்திக்கிட்டு நின்னா நீங்க என்ன செய்வீய?"

அவர் டீயைக் கீழே வைத்தார். "என்னம்மா சொல்லுதிய? யாரு பிள்ளத்தாச்சி?"

மைனி சொன்னாள். இருவாச்சி எப்படி உள்ளே போய்ப் பூசிக்கொள்ளும், எப்படிச் சிறகுகள் உதிர்ந்து பறக்கமுடியாமல் கிடக்கும், எப்படி அந்த ஒருத்தன் கொண்டுவருவதுதான் உயிர். அனிலா இரண்டு நாளாகச் சொன்னதையெல்லாம் மைனி ஒன்றுவிடாமல் காதில் வாங்கியிருந்தாள். கையை நீட்டி, மடக்கி, அலகாக்கி, கீறலாக்கிச் சொன்னாள். வெள்ளை அட்டை பிடித்தவன் அட்டையைத் தாழ்த்திவிட்டுக் கேட்டான்.

போட்டோகிராபர் மட்டும் கேட்கவில்லை. "மேடம், வெளிச்சம் போயிரும். இன்னும் ஒரு ஷாட்தான். டிரோன் யாரையும் கடிக்காது."

"பறவைக்காகல்லாம் நிப்பாட்ட முடியுமாம்மா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா, ஆனால் குரலில் உறுதி இல்லை. "வாடகைக்கு எடுத்திருக்கோம்லா."

"அண்ணே, இறக்குங்க அத."

சொன்னது பொண்ணு. பெயர் காயத்ரி என்று பிறகு தெரிந்தது. போட்டோகிராபர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இறக்குங்கன்னு சொல்லுதேன்லா" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். மாப்பிள்ளை பாறையிலிருந்து காலை எடுத்துவிட்டு, "இறக்கிருங்க அண்ணே" என்றான். அவன் அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போட்டோகிராபரை நோக்கிக் கையைக் கீழே காட்டினார். டிரோன் புல்லில் வந்து உட்கார்ந்து வாயை மூடியது.

காயத்ரி மைனியின் கையைப் பிடித்தாள். "அக்கா, நாங்க பாக்கலாமா?"

இதற்கு அனிலாவின் அனுமதி வேண்டும். நான் ஓடிப் போய்க் கேட்டேன். அவள் யோசித்தாள். கூட்டம் வரக்கூடாது, பேசக்கூடாது, இரண்டு பேர் மட்டும் என்றாள். அப்படித்தான் பட்டுப்புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு கல்யாணப் பொண்ணும், வேட்டியை மடித்துக்கட்டிய மாப்பிள்ளையும் எங்கள் மறைவிடத்துக்குள் வந்தார்கள். அண்ணாச்சி பொண்ணின் வளையல்களைப் பார்த்துவிட்டு உதட்டில் விரல் வைத்தார். அவள் ஒவ்வொன்றாகக் கழற்றி மாப்பிள்ளையின் சட்டைப் பையில் போட்டாள்.

காத்திருந்தோம்.

ஆண் வரவில்லை. வெயில் ஏறியது. ஒரு மலையணில் கிளையில் ஓடியது, அதன் சத்தத்துக்கெல்லாம் எல்லாரும் நிமிர்ந்தோம். கொசு கடித்தது. மாப்பிள்ளையின் கழுத்தில் ஓர் அட்டை ஏறியது, காயத்ரி அதை எடுத்துப் போட்டுவிட்டு முகத்தைச் சுளிக்காமல் உட்கார்ந்திருந்தாள். அனிலாவின் உதடு வெளுத்திருந்தது. ஒருவேளை இந்த மரமே ஆபத்து என்று அது முடிவுகட்டிவிட்டதோ? அப்படியானால் உள்ளே இருக்கிறவள் பூச்சை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவாள், குஞ்சு இருந்தாலும் போய்விடும். மைனியின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. துஆ ஓதுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

உஷ்.

முதலில் என் மூச்சோ என்று நினைத்தேன். உஷ், உஷ். எதிர்ச்சரிவிலிருந்து வந்தது. மொட்டை மரத்தில் உட்கார்ந்தது. வானத்தைப் பார்த்தது, ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். நாங்கள் ஆறு பேரும் கல்லாகக் கிடந்தோம். பிறகு அது சிறகை விரித்து, பள்ளத்தாக்கைக் கடந்து, எங்கள் தலைக்கு மேலாக வந்து வெடிப்பலாவில் இறங்கியது. அந்தக் காற்றில் காயத்ரியின் தலைப்பூ ஆடியது.

பழம். இன்னொரு பழம். கீறலிலிருந்து அலகு வேகவேகமாக வாங்கியது. ஏழெட்டுக்குப் பிறகு ஆண், தொண்டையைக் குலுக்கி, ஒரு சின்ன ஓணானை அலகில் எடுத்தது. அதுவரை வாங்கிய அலகு உள்ளே போனது. கீறல் காலியாக இருந்தது. ஆண் பொறுமையாக நீட்டிக்கொண்டே இருந்தது.

தொலைநோக்கியில் அப்போது கண் வைத்திருந்தது காயத்ரி. "அக்கா" என்றாள், சத்தமே இல்லாமல். "இது வேற வாய்."

அனிலா அவளை ஏறக்குறைய தள்ளிவிட்டுக் குனிந்தாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னை இழுத்துக் கண்ணை வைக்கச் சொன்னாள். கீறலின் அடியில், கொண்டை இல்லாத, குட்டையான, இன்னும் மஞ்சள் ஏறாத ஓர் அலகு தடுமாறிக்கொண்டு ஓணானைப் பிடிக்கப் பார்த்தது. தவறவிட்டது. மேலிருந்து தாயின் அலகு வந்து, அதைத் தாங்கி, உள்ளே இழுத்துக்கொடுத்தது.

மற்ற மூன்று பேரும் மாறி மாறிக் கண் வைத்துப் பார்க்க, அனிலா தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் அழுவதைப் பார்த்து மாப்பிள்ளையும் கண்ணைத் துடைத்தான். இசக்கிமுத்து அண்ணாச்சி ஒவ்வொருவருக்காகக் கைகொடுத்தார், பேசக்கூடாது என்பதால் மிகவும் பலமாகக் கைகொடுத்தார். காயத்ரி மைனியின் தோளில் சாய்ந்துகொண்டாள். அவள் நெற்றிச்சுட்டி மைனியின் முந்தானையில் மாட்டிக்கொண்டு, இரண்டு பேரும் பிரிய முடியாமல் குலுங்கிக் குலுங்கிச் சத்தமில்லாமல் சிரித்தார்கள்.

அன்று மத்தியானம் பங்களாவில் சாப்பிட்டே ஆகவேண்டும் என்றார் மாப்பிள்ளையின் அப்பா. ரசம், கூட்டு, அவியல், ஊரிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாய். மஸ்கட்டில் பாட்டிலில் வாங்கித் தின்கிற ஊறுகாயை நினைத்து வெட்கப்பட்டேன். போட்டோகிராபர் தனியாக உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். கடைசியில் எழுந்து வந்து, "லென்ஸ் போட்டு தூரத்துல இருந்து எடுக்கலாமாக்கா?" என்று அனிலாவிடம் கேட்டார். டிரோன் பெட்டிக்குள் போனது; அவர் எங்களோடு மறைவிடத்துக்கு வந்து குஞ்சின் அலகைப் படமெடுத்துக் கொடுத்தார். மாப்பிள்ளையின் அப்பா எங்களைக் கீழே கொண்டுவிடத் தன் வண்டியையும் கொடுத்தார். இந்தத் தடவை மைனிக்குக் கயிறு பிடிக்கிற வேலை இல்லை.

ஐந்தருவிக்கு மேலே ஒரு வளைவில் போனுக்கு உயிர் வந்தது. அனிலா எஸ்டேட் முதலாளியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள். பதற்றத்தில் பாதி தமிழும் பாதி மலையாளமுமாகச் சொன்னாள்.

"நெசமாவே பாத்தியளா டீச்சர்?"

"ஆறு பேர் பாத்தோம் சார். போட்டோவும் இருக்கு."

"ஆணா, பொண்ணா?"

அனிலா என்னைப் பார்த்தாள். நான் மைனியைப் பார்த்தேன். மைனி போனை வாங்கிக்கொண்டாள்.

"இப்பவே எப்படி அண்ணாச்சி தெரியும்? வளந்து வெளிய வரட்டும், கண்ணு நெறத்தப் பாத்துட்டு நானே ஒங்க வீட்டுக்கு வந்து சொல்லுதேன். அது வெளிய வரணும்னா அதுக்கு மரம் நிக்கணும், மரத்தச் சுத்தி அத்திப்பழம் இருக்கணும்லா?"

முதலாளி சிரிப்பது ஸ்பீக்கரில் கேட்டது. நல்ல பெரிய சிரிப்பு.

"நிக்கும் தாயி" என்றார். "நான் சொன்னா சொன்னதுதான். கிராம்புக்கு வேற எடம் பாத்துக்கிடுதேன்."